பேரவைத் தலைவரின் தம்பி

ஜூன் 2, திங்கள்

தலைவர்கள் நாட்குறிப்பு எழுதுவார்களாம். பிரசன்னா சொன்னார். சிகரெட் ஏஜென்சிக்காரர் வருடா வருடம் தருகிற டைரியில் இதுவரை என் மனைவி பொன்மலர் பால் கணக்குதான் எழுதிவந்தாள். மே மாதம் வரை அவளுடைய பால். இன்று முதல் என் வரலாறு.

பெயர் சுயம்புலிங்கம். வயது ஐம்பத்தெட்டு. பேருந்து நிலையத்துக்கு எதிரே பெட்டிக்கடை. ஊரில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது, அண்ணாச்சி கடை என்றால் குழந்தையும் கைகாட்டும். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், சோடா, கடலைமிட்டாய், பிஸ்கட், சிகரெட். சிகரெட்தான் தாய்ச்சரக்கு. அதை வாங்க வருகிறவன்தான் பழம் உரிப்பான், சோடா குடிப்பான், பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிப் போவான்.

இப்போது நகராட்சி ஒரு விதி கொண்டுவரப் பார்க்கிறது. சிகரெட், புகையிலை விற்கத் தனி உரிமம் வாங்க வேண்டும். உரிமம் வாங்கிய கடையில் மிட்டாய், பிஸ்கட், குளிர்பானம் விற்கக் கூடாது. பிள்ளைகள் வந்து நிற்கிற கடையில் அது கண்ணில் படக் கூடாதாம். கூழா மீசையா என்று கேட்கிறார்கள். ஆறடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இரண்டும் வேண்டும். இதில் என் கோபம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன்.

எதிர்ப்பதற்கு 'சிறுகடை வணிகர் வாழ்வுரிமைப் பேரவை' தொடங்கியிருக்கிறோம். நான் தலைவர். தொடங்கியிருக்கிறோம் என்றால், பிரசன்னா சென்னையிலிருந்து வரும்போதே பெயர்ப்பலகை, ரப்பர் முத்திரை, கொடி எல்லாம் காரில் கொண்டுவந்துவிட்டார். தலைவரை மட்டும் உள்ளூரில் தேடினார். எந்தக் கம்பெனி தம்பி என்று கேட்டேன். "கம்பெனி இல்ல சார், ஆலோசனை நிறுவனம். சிறு வணிகர்களோட நிக்கிறதுதான் எங்க வேலை" என்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். கடை வாசலிலேயே எனக்குப் பொன்னாடை போர்த்தினார். எதிரில் ஆட்டோக்காரர்கள் கைதட்டினார்கள். பொன்மலர் அதை மடித்து பீரோவில் வைத்தாள். "போத்திக்கிடவும் முடியாது, விரிச்சுக்கிடவும் முடியாது" என்றாள். அவளுக்கு எல்லாம் இப்படித்தான்.

ஜூன் 5, வியாழன்

தம்பி தவசிக்கனிக்கு நாக்கின் ஓரத்தில் புண். மூன்று மாதமாக ஆறவில்லை. அரசு மருத்துவமனையில் சதை எடுத்துச் சோதித்தார்கள். இன்று முடிவு வந்தது. புற்றுநோய்.

எழுதவே கை வரவில்லை. என்னைவிட எட்டு வயது இளையவன். அப்பா இறந்தபோது பதினான்கு வயதில் என் கடைக்கு வந்தான், பத்து வருடம் என்னோடு நின்றான், பிறகு சொந்தமாக லோடு ஆட்டோ வாங்கிக்கொண்டான். அந்தக் காலத்தில் என் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அவன்தான். திருநெல்வேலி வண்டி எங்கள் ஊரில் அரை நிமிடம்தான் நிற்கும். டிரைவர் இறங்க முடியாது. ஹாரன் அடித்தால் தவசி ஒரு சிகரெட்டை வாயில் வைத்து, இரண்டு இழுப்பு இழுத்து, கங்கு நன்றாகப் பிடித்ததும் ஓடிப்போய் ஜன்னல் வழியாக அவர் கையில் கொடுப்பான். காலை முதல் இரவு வரை எத்தனை வண்டி. அண்ணாச்சி கடையில் பற்றவைத்தே தருவார்கள் என்று கோவில்பட்டிவரை பேச்சு. டிரைவர்கள் எல்லாம் நம் கடை வாடிக்கை ஆனது அப்படித்தான்.

பிறகு அவனுக்கே பழக்கம் ஆகிவிட்டது. சாப்பிட்டால் வெற்றிலையோடு புகையிலையும். நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், கேட்டால்தானே.

ஜூன் 9, திங்கள்

மதுரையில் பெரிய ஓட்டலில் பயிற்சி. குளிர்சாதன அறை, ஆட்டுக்கால் சூப். ஆறு சங்கங்களின் தலைவர்கள் வந்திருந்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் புகையிலை விவசாயிகள் கூட்டமைப்பின் தலைவர். எத்தனை ஏக்கர் அண்ணாச்சி என்று கேட்டேன். இன்சூரன்ஸ் ஏஜெண்டாம். "நெலமெல்லாம் எதுக்குவே, பேசத் தெரிஞ்சாப் போதும்" என்று சிரித்தார். போன வருடம் இதே ஓட்டலுக்கு நுகர்வோர் உரிமைச் சங்கத் தலைவராக வந்தாராம். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் ஒரு மாதிரியாகவும் இருந்தது. நான் நிஜமாகவே கடைக்காரன், அந்த மட்டில் நல்லது.

நகராட்சி கருத்துக் கேட்கிற கூட்டத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் எழுந்து, சிகரெட்டும் புகையிலையும் விற்கிற ஏழைகள் நாங்கள் என்று ஆரம்பித்தேன். பிரசன்னா தடுத்தார்.

"சார், அந்த ரெண்டு வார்த்தையும் வேண்டாம். கூட்டம் முடியற வரைக்கும் உங்க வாயிலேர்ந்து அது வரவே கூடாது. அன்றாடப் பொருட்கள்னு சொல்லுங்க. சில்லறை வணிகம்னு சொல்லுங்க. பிஸ்கட் விக்கக் கூடாதுங்கிறாங்கன்னு பேசுங்க. விதவைகள், மாற்றுத்திறனாளிகள் கடை வச்சிருக்காங்கன்னு பேசுங்க."

"பிஸ்கட்டுக்கு யாரு தம்பி தடை போட்டா? ரெண்டையும் சேத்து விக்கக் கூடாதுன்னுதான சொல்லுதாங்க."

"அது அவங்க சொல்லட்டும் சார். நாம ஏன் சொல்லணும்?"

புத்திசாலிப் பையன். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் எங்கள் ஊர்ப் பெயர் தனியாக ஒட்டியிருந்தது. ஏசி காற்றில் ஒரு முனை பிரிந்து ஆடியது. அடியில் வேறு ஊர்ப் பெயர்.

ஜூன் 11, புதன்

கடலைமிட்டாய் இரண்டு பெட்டி. தவசிக்குக் கஞ்சிதான் இறங்குகிறதாம்.

ஜூன் 14, சனி

தம்பி வீட்டுக்குப் போனேன். ஒரே மகள் திருப்பூரில் வாழ்கிறாள், வீட்டில் அவனும் அவன் மனைவி ஜெயக்கொடியும்தான். அவன் சட்டை போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டான்.

ஜெயக்கொடி சொன்னாள்: "பேசிப் பழகுதாக அத்தான். இருபத்தஞ்சாந் தேதி நகராட்சியில கருத்துக் கேக்குதாங்கள்ல, அதுல பேசப்போறாக. டாக்டரம்மா வரச் சொல்லியிருக்கு."

அரசு மருத்துவமனையின் பல் டாக்டர் ஷகிலா பானுதான் அந்த அம்மா. அவர்தான் அந்த விதிக்காக நகராட்சிக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் நடக்கிறவர்.

"ஏல, அதுல எதுத்துப் பேசுதது நானு. தெரியுமா?" என்றேன்.

"தெரியும்ணே" என்றான் தவசி. நாக்கு தடித்திருந்ததால் வார்த்தை கொஞ்சம் குழறியது. "ஓங் கடைய மூடச் சொல்லிப் பேசமாட்டேன். நான் மிட்டாய்க்கடைன்னு நெனச்சுதான ஓங் கடைக்கு வேலைக்கு வந்தேன். மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்துல அது இருந்துச்சு. வேற ஒண்ணும் சொல்லப்போறதில்ல. பஸ்ஸுக்குப் பத்தவச்சுக் குடுத்ததச் சொல்லுவேன். அவ்வளவுதான்."

"ஊரு முன்னால அண்ணன மானங்கெடுக்கப்போற."

"ஒம் பேரச் சொல்லமாட்டேம்ணே. சத்தியமா. ஆப்பரேசன்ல நாக்க எடுத்துருவாகளாம். இருக்கையில ஒருக்க பேசிக்கிடுதேன்."

அரசு மருத்துவமனையில் அறுவைக்கு ஜூலை முதல் தேதி குறித்திருக்கிறார்கள். அதற்கு முன் கூட்டம் வருகிறது என்பதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம். காபி குடிக்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஒரே மேடையில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஜூன் 15, ஞாயிறு

பிரசன்னாவிடம் போனில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ. ஆனால் மேடையில் திடீரென்று தெரிந்தால் அவருக்கு எப்படி இருக்கும்.

அவர் கேட்டார்: "தம்பிக்கு ட்ரீட்மெண்ட் எங்க சார்? கவர்மெண்ட்லயா? ஏன் சார், தலைவரோட தம்பி. பேரவைல நலநிதி இருக்கே."

நலநிதி இருப்பது தலைவருக்கே இன்றுதான் தெரிந்தது. எவ்வளவு நல்ல மனசு என்று பொன்மலரிடம் சொன்னேன். "இவ்வளவு நாளும் இல்லாத கரிசனம் இன்னைக்கு எங்கேயிருந்து வந்துச்சு?" என்றாள்.

ஜூன் 19, வியாழன்

மதுரையில் தனியார் மருத்துவமனை. தரையில் முகம் தெரிகிறது. தவசியை அறையில் படுக்கவைத்துப் பரிசோதித்தார்கள். பெரிய டாக்டர், சீக்கிரம் எடுப்பதுதான் நல்லது என்றார். நாக்கு முழுவதும் போகலாம், பக்கத்தில் தாடையிலும் கொஞ்சம். தவசி தலையை மட்டும் ஆட்டினான்.

அறுவைக்கு நாள் குறிக்கிற மேசையில் நான்தான் நின்றேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "செவ்வாய் இருக்கு, வெள்ளி இருக்கு சார். எது போடட்டும்?" என்றது.

செவ்வாய் என்றேன்.

டாக்டரே சீக்கிரம் என்று சொல்லும்போது நான் எப்படி வெள்ளி என்பது? வியாதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் கும்பிட்டுக்கொண்டிருக்க முடியுமா? யாரைக் கேட்டாலும் செவ்வாய் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

திரும்பி வரும்போது தவசி கேட்டான். "புதன்கிழமல்லாண்ணே கூட்டம். வெள்ளிக்கெழமன்னு கேட்டுப் பாக்கக்கூடாதா?"

பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமை ஊரில் இல்லை என்று சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். விருதுநகர் தாண்டிய பிறகு, "சரிண்ணே, நீ பாத்துச் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி ஜெயக்கொடியின் பெயரை நான்கைந்து தடவை சொன்னானாம், பிறகு மகள் பெயரை. நான் அப்போது கீழே பிரசன்னாவுடன் நாளைய பேச்சைத் திருத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வெளியே கொண்டுவந்தார்கள். முகம் பாதி கட்டுக்குள் இருந்தது. நல்லபடியாக முடிந்ததாகச் சொன்னார்கள்.

ஜூன் 25, புதன்

நகராட்சி மன்றக் கூடம் நிரம்பி வெளியே நின்றார்கள். பேரவை பனியன் போட்டு இருநூறு பேராவது இருப்பார்கள். வேன்களில் வந்தவர்கள். நம் ஊர்க் கடைக்காரர்கள் என்று எனக்கு முகம் தெரிந்தது நான்கு பேர். சென்னையிலிருந்து ஒரு பொருளாதார ஆய்வு மையத்தார் வந்து, இந்த விதியால் மாவட்டத்தில் எத்தனை ஆயிரம் குடும்பம் பட்டினி கிடக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். கள்ளச்சரக்கு பெருகும் என்றார். காலையில் அவரும் பிரசன்னாவும் ஒரே காரில் வந்து இறங்கியதைப் பார்த்தேன். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே காரில் வந்தால் என்ன?

நான் பேசினேன். அந்த இரண்டு வார்த்தையும் ஒரு தடவைகூட வரவில்லை. விதவைத் தாய்மார்கள் என்ற இடத்தில் எனக்கே தொண்டை அடைத்தது. அந்த அடைப்பு அவர்களுக்காகவா, மதுரையில் கட்டுப்போட்டுக் கிடக்கிறவனுக்காகவா என்று தெரியவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

டாக்டர் ஷகிலா பானு கூட்டம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"தவசிக்கனி வரலையா அண்ணாச்சி?"

"நேத்து ஆப்பரேசன் முடிஞ்சுட்டு டாக்டரம்மா. மதுரையில."

அந்த அம்மா முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, "தள்ளிப்போகாம நடந்ததே, அது நல்லதுதான்" என்றார். டாக்டரே சொல்லிவிட்டார்.

விதியை மறுபரிசீலனைக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். பிரசன்னா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஜூலை 3, வியாழன்

தவசியை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. மூக்கில் குழாய், அதன் வழியாகத்தான் கஞ்சித் தண்ணீர். ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவன், எழுதிக் காட்டவும் வராது. ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறான். ஒரு தட்டு தண்ணீர், இரண்டு தட்டு கொல்லைப்பக்கம் போக.

நான் போனதும் என்னைப் பார்த்து என்னவோ சொல்லப் பார்த்தான். காற்றும் எச்சிலும்தான் வந்தது. "புரியுதுடே, புரியுது" என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் திரும்பத் திரும்ப அதையே சொன்னான். கடைசியில் ஜெயக்கொடி வந்து, "கூட்டம் என்னாச்சுன்னு கேக்காக அத்தான்" என்றாள்.

நல்லா நடந்துச்சு என்று சொன்னேன்.

ஜூலை 11, வெள்ளி

கடையில் புது போர்டு மாட்டிக் கொடுத்தார்கள். விளக்கு எரிகிற போர்டு. வழியில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். தம்பி வீட்டுக்கு நாளை போக வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

போகவில்லை. சரக்கு வந்துவிட்டது.

ஜூலை 28, திங்கள்

தவசி போய்விட்டான். புண்ணில் சீழ் பிடித்து, காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. மறுபடி மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போயும் பிரயோசனம் இல்லை. இதயச் செயலிழப்பு என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

என் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்த பிள்ளை.

ஜூலை 30, புதன்

நேற்று அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிரசன்னா போன் செய்தார். துக்கத்தில் அவர் குரலும் கம்மியிருந்தது. "தம்பியோட நல்ல படம் ஒண்ணு அனுப்புங்க சார், பேரவை சார்பா அஞ்சலி போஸ்டர் அடிக்கணும்." தம்பி முகம் சிதைந்து கிடந்த சமீபத்துப் படம் எதற்கு என்று இருபத்திரண்டு வயதில் எடுத்த ஸ்டுடியோ படத்தை அனுப்பினேன். மீசையும் சுருட்டை முடியுமாக ராஜா மாதிரி இருப்பான்.

இன்று காலை ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறது. பேருந்து நிலையத்தில், நகராட்சிச் சுவரில், அரசு மருத்துவமனை வாசலில். 'கண்ணீர் அஞ்சலி. உரிமக் கெடுபிடியால் மனமுடைந்து உயிர்நீத்த சிறு வணிகர், வாழ்வுரிமைப் போராளி தவசிக்கனி. கண்ணீருடன்: சுயம்புலிங்கம், தலைவர்.'

என்னிடம் வாசகத்தைப் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டினார் என்றும் சொல்லலாம். போனில் ஏதோ வாசித்தார், நான் ம் கொட்டினேன். சாவு வீட்டில் யாருக்குக் காது கேட்கும்?

சிறு வணிகர் என்பதில் பொய் ஒன்றும் இல்லை. பத்து வருடம் என் கடையில் நின்றவன்தானே. மனமுடைந்து என்பதும், யார் மனசுக்குள் யார் புகுந்து பார்த்தது.

பொன்மலர் தண்ணீர்க்குடத்தோடு போனவள் எங்கள் தெருமுனைப் போஸ்டரைக் கிழித்துக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். அடுப்பில் வைத்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பதினாறாம் நாள் காரியம் வீட்டில் முடிந்தது. மதியம் கல்யாண மண்டபத்தில் பேரவை சார்பாகப் படத்திறப்பு. ஆள் உயரத்துக்குப் படம், சந்தன மாலை. ஆறு சங்கத்தாரும் வந்திருந்தார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இந்தத் தடவை கறுப்புத் துண்டு போட்டிருந்தார், நல்ல அழுகை. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். போஸ்டரில் இருந்ததையே நானும் மைக்கில் பேசினேன். சாப்பாடு வடை பாயசத்தோடு.

ஜெயக்கொடியை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். திரை விலகியதும் அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் இருந்த என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இது யாரு அத்தான்?"

"ஏம்மா, தவசிதான்."

"இது எங்க கல்யாணத்துக்கு முந்தி உள்ள படம். இந்த ஆள எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சவர எங்க?"

எழுந்து போய்விட்டாள். பொன்மலரும் கூடவே போனாள். துக்கம் தாங்காமல் வெளியேறினார் மனைவி என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மத்தியானம் கடைக்கு ஜெயக்கொடி வந்தாள். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறாள். ஸ்டூலை எடுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் அத்தான். சர்ட்டிபிகேட்டு ஒண்ணு வாங்க வேண்டியிருந்துச்சு. நாள் குறிக்கிற பிள்ளைக்கு என்னைய ஞாபகம் இருந்துச்சு. வெள்ளிக்கெழமையும் இருந்துச்சாமே."

சோடா பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கினேன்.

"ஒங்க தம்பிக்குத் தெரியும்னுதான் நெனைக்கேன். பஸ்ஸுல வரும்போதே தெரிஞ்சிருக்கும். எங்கிட்டச் சொல்லல. ஒங்களப் பத்தித் தப்பா ஒரு வார்த்த சொல்லமாட்டாக."

டாக்டர் சீக்கிரம் என்றார் என்று சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகவே காட்டவில்லை.

"அடுத்த மாசம் மறுபடியும் கூட்டம் வருது. அவிய பேசவேண்டியத நான் பேசப்போறேன். கண்ணாடி முன்னால பேசிப் பேசி எனக்கு மனப்பாடம். நீங்க எனக்குத் தொணையா ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒங்க பொழப்பு எனக்குத் தெரியும். நான் பேசும்போது இல்லன்னு மட்டும் சொல்லாதிய. அது போதும் அத்தான்."

சரிம்மா என்றேன். மனசாரத்தான் சொன்னேன். போகும்போது அவள் பழம் இரண்டு எடுத்துக்கொண்டு காசை வைத்துவிட்டுப் போனாள். என் கடையில் அவள் காசு வைத்தது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 30, சனி

பிரசன்னா ஒரு வக்கீலோடு வந்தார். கூட்டம் மூன்றாம் தேதி. ஜெயக்கொடி பேசப்போவது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

"அவங்க பாவம் சார், அந்த டாக்டர் தூண்டிவிடறாங்க. உங்களை ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. தம்பிக்குப் பழக்கம் இருந்துச்சான்னு. இல்லைன்னுடுங்க. ஹாஸ்பிடல் சர்ட்டிபிகேட்லயும் இதயம்னுதான் இருக்கு."

"பேசாம இருந்துடுதேன் தம்பி. வீட்டுப் பொம்பளைக்கு எதுத்தாப்புல நின்னு என்னால முடியாது."

வக்கீல்தான் பதில் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "போஸ்டர்ல உங்க பேர்தான் இருக்கு. படத்திறப்புல பேசுனதும் நீங்கதான், வீடியோ இருக்கு. அது பொய்னு ஆனா யார் மேல வரும்னு யோசிச்சுக்குங்க. அதுல இவர் பேரோ எங்க பேரோ எங்கயும் இல்ல."

உண்மைதான். எங்கேயும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். பெயர்ப்பலகையில், பேனரில், முத்திரையில், எதைப் பார்த்தாலும் என் பெயர்தான் இருக்கிறது. அவ்வளவு பெருமையாக இருந்தது அப்போது.

பிரசன்னா என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் என்னை மாநிலத் துணைத்தலைவராக அறிவிக்கப்போகிறார்களாம்.

செப்டம்பர் 1, திங்கள்

சாப்பாடு இறங்கவில்லை. பொன்மலர் எதிரில் உட்கார்ந்து கேட்டாள், "அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?" சரி என்று சொன்னதாகச் சொன்னேன். "அப்பச் சரி" என்று இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

செப்டம்பர் 3, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அதே கூடம், அதே பனியன்கள். ஆணையர் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். ஜெயக்கொடி தாளில்லாமல் பேசினாள். அவள் குரல்தான், பேச்சு தவசியுடையது. மிட்டாய்க்கடை என்று நினைத்துப் போனது. அரை நிமிடம் நிற்கிற பஸ். இரண்டு இழுப்பு இழுத்துக் கங்கு பிடிக்கவைத்து ஜன்னலில் நீட்டியது. "பதினாலு வயசு. அதுதான் வேலைன்னு நெனச்சேன். யார் மேலயும் குத்தமில்ல. பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க, அவ்வளவுதான்" என்று முடித்தாள். எந்தக் கடை என்று சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லமாட்டேன் என்று அவன் செய்த சத்தியத்தை அவள் காப்பாற்றினாள்.

பனியன் போட்டவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

வக்கீல் எழுந்தார். சான்றிதழை நீட்டினார். இறந்தவரின் கூடப்பிறந்த அண்ணன் இங்கேயே இருக்கிறார், அவரையே கேட்கலாம் என்றார். ஆணையர் என்னைப் பார்த்தார்.

"நீங்க அவரோட அண்ணன்தானே?"

"ஆமாம்மா."

"உங்க தம்பிக்கு சிகரெட், புகையிலைப் பழக்கம் இருந்துச்சா?"

முன்வரிசையில் ஜெயக்கொடி என்னைப் பார்க்கக்கூட இல்லை, கைகளை மடியில் வைத்துக் குனிந்திருந்தாள். பயமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். சரிம்மா என்று நான் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பொன்மலர். பக்கவாட்டில் பிரசன்னா, போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன்.

மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டிருக்கும்.

ஜெயக்கொடி நிமிர்ந்தாள். அழவில்லை, திட்டவில்லை. அறிமுகமில்லாத ஆளைப் பார்ப்பதுபோல ஒரு தடவை பார்த்தாள். பொன்மலர் எழுந்து போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் ஷகிலா பானு ஆணையரிடம் தன் மருத்துவமனைச் சோதனை முடிவைக் காட்டினார். வக்கீல், அது குடும்பத்தார் ஒப்புக்கொள்ளாதது என்றார். முடிவு சொல்லத் தேதி குறிப்பிடாமல் கூட்டம் கலைந்தது. வெளியே எனக்கு மாலை போட்டார்கள்.

பொன்மலர் வீட்டுக்கு வரவில்லை. ஜெயக்கொடியோடு தம்பி வீட்டில் இருக்கிறாளாம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். துணிமணிக்கு ஆள் அனுப்புவாளாம்.

செப்டம்பர் 4, வியாழன்

கடை திறந்தேன். பிரசன்னா போன் செய்தார். அடுத்த வாரம் சிவகாசிப் பக்கம் ஒரு ஊரில் இதே மாதிரி கூட்டமாம். "நீங்க பேசுனா அங்க அழுதுடுவாங்க சார்" என்றார். தம்பியின் படத்தை மண்டபத்திலிருந்து எடுத்துவைத்திருக்கிறார்களாம், காரிலேயே ஏற்றிவிடுவார்களாம். நான் வந்தால் மட்டும் போதுமாம்.

வருகிறேன் என்றேன்.